அடைக்காத குழி

ஜூன் 9, திங்கள்

இன்று கடைத்தெருவில் வீடு வீடாகப் போனேன். கழிப்பறை கட்டி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. எல்லாரும் உள்ளே போகிறார்களா, இன்னும் ஓடைப் பக்கம் போகிறார்களா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. சுகாதார ஊக்குநர் என்று பெயர். யாரை ஊக்குகிறேனோ தெரியவில்லை. கதவைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து யாரென்று கேட்டால் எனக்கே பதில் வருவதில்லை.

ஒரு வீட்டில் கழிப்பறைக்குள் கோழி அடைகாக்கிறது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதை எப்படி அலுவலகத்தில் சொல்வது?

மளிகைக் கடைக்காரர் வீட்டில் நாற்காலி போட்டார்கள். கடைக்காரம்மா என்னை ‘மேடம்’ என்றார். வாழ்நாளில் முதல்முறை. அப்பாவிடம் வந்து சொன்னேன். சிரிப்பை மறைக்க எழுந்து போய்விட்டார். அண்ணன்தான், “மேடம், ஒரு டீ கிடைக்குமா?” என்றான். மற்ற நாளெல்லாம் அவனுக்கு நான் ‘டிகிரி’. எங்கள் வீட்டில் அதை வாங்கிய முதல் ஆள் என்பதால்.

ஜூன் 17

ஒன்றைப் பார்த்தேன்.

ஒவ்வொரு கழிப்பறைக்கும் இரண்டு குழி. குழாய் பிரியும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி. அதில் ஒரு வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரு குழி நிறைந்ததும் அதை அடைத்து மற்றதைத் திறக்கலாம். நிறைந்தது இரண்டு வருடம் சும்மா கிடந்தால் மண்ணாகிவிடும். யாரும் உள்ளே இறங்க வேண்டாம், யாரும் கையால் அள்ள வேண்டாம். வாசல் வாசலாக நின்று நான் நடுங்காமல் சொன்ன ஒரே விஷயம் இது.

கடைக்காரர் வீட்டில் அந்தத் தொட்டியின் மூடி உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். செங்கல் இல்லை. இரண்டு வாயும் திறந்திருக்கின்றன.

“ரெண்டு குழி இருக்கு, ஒண்ண எதுக்கும்மா சும்மா வெச்சிருக்கணும்?” என்றார் கடைக்காரர்.

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டிலும். எல்லா இடத்திலும் இரண்டு குழியும் சேர்ந்தே நிறைந்துகொண்டிருக்கின்றன, ஈரமாக.

நிறைந்த பிறகு? உறிஞ்சும் லாரி அந்தச் சந்துகளுக்குள் நுழையாது. பிறகு யார்?

யாரென்று எனக்குத் தெரியும்.

ஜூன் 18

எழுதிவிடுகிறேன். அப்பா நகரத்தில் மலம் அள்ளியவர். தாத்தாவும் அதே. அம்மா இருந்தபோது, பிள்ளைகள் கையில் அந்த வாளி வரக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து இந்த ஊருக்கு இழுத்து வந்தாள். அப்பா செங்கல் சூளைக்குப் போனார். அண்ணன் இப்போது முதலாளியின் சரக்கு வண்டி ஓட்டுகிறான். கடைகளுக்கு மூட்டை இறக்குகிறான். நான் இப்படி.

ஊருக்கு எங்களைப் பற்றித் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இதுவரை தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 2

மேலாளரிடம் சொன்னேன். திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊர் என்று பலகை வைத்துப் படமெல்லாம் எடுத்தாகிவிட்டது, முடிஞ்ச விஷயத்தக் கிளறாதம்மா என்றார்.

வீடுகளிலும் சொல்லிப் பார்த்தேன். செங்கல்தானே, வைத்தால் போகிறது என்கிறார்கள். ஆனால் அதற்குள் கைவிட யாரும் தயாரில்லை. “ஆள் அனுப்புங்க மேடம்.”

ஆள்.

ஜூலை 23

மழை. ஓயவே இல்லை.

ஆகஸ்ட் 11

கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. மழையைப் பற்றிப் பேசினார், அண்ணன் வண்டியைப் பற்றிப் பேசினார், அப்பாவின் முழங்காலைக்கூட விசாரித்தார். அப்புறம்தான் வந்த காரியம். இரண்டு குழியும் பொங்கிவிட்டதாம். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லையாம்.

“உங்களுக்குத்தான் பழக்கம் இருக்குமே” என்றார் அப்பாவிடம்.

முழங்கால் மடங்காது என்றார் அப்பா. உடனே கடைக்காரர் பார்வை அண்ணன் பக்கம் திரும்பியது. அண்ணன் சிரித்துக்கொண்டே, தனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும் என்றான். அவரும் சிரித்தார். போகும்போது, யோசிச்சுச் சொல்லுங்க என்றார்.

“டிகிரி, உன் பாடமெல்லாம் வீடு தேடி வருது” என்றான் அண்ணன். கேலிதான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவுடன் வேலை பார்த்தவர் ஒருவர் குழிக்குள் இறங்கித் திரும்பவில்லை. விஷவாயு. அப்பா அதைப் பற்றி ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். “கூப்பிட்டா பதில் வரும்னு நின்னுக்கிட்டே இருந்தேன்.”

நேற்றுவரை இது ஒரு பழைய கதை.

ஆகஸ்ட் 14

நானே செய்துவிட்டேன்.

கடைக்காரர் வீட்டுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. நகரத்திலிருந்து நீளக் குழாயுள்ள மோட்டார் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். ஆனால் மற்ற வீடுகளில் குழிகள் பாதிதான் நிறைந்திருக்கின்றன. இப்போது ஒரு வாயை அடைத்தால் அந்தக் குழியாவது காயும். அண்ணனைத் தேடி யாரும் வர மாட்டார்கள். ஆள் வேண்டும் என்றார்களே, ஆள் நான்தான்.

கையுறை போட்டுக்கொண்டு போனேன். தொட்டி மூடியைத் திறந்து செங்கல்லை வைத்து, சுற்றிலும் களிமண்ணை அப்பினேன். முதல் வீட்டின் பின்னால் வாந்தி எடுத்தேன். இரண்டாவது வீட்டில் எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைக்காரம்மா தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் செய்றே” என்றார். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது, இந்த முறை ‘மேடம்’ இல்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் கையுறையைப் பார்த்துவிட்டார்.

ஆகஸ்ட் 19

எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதியம் கடைக்காரம்மா வந்து வாசலுக்கு வெளியே நின்றார். அப்பா அண்ணனை அனுப்ப முடியாது என்று ஆரம்பித்தார்.

“பையன வேணாங்க. உங்க பொண்ணத்தான் கூப்பிட வந்தேன். அது கைதான் பழகியிருக்கே.”

“அவ படிச்சு வேலைக்குப் போறவம்மா.”

“இதுவும் வேலைதானே.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே வந்து முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரு வார்த்தைதானே? தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பாவி, இவ்வளவு படிச்சு என்னத்துக்கு—

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலேயே கையைக் கழுவினான்.

“நான் வரேன். அவளக் கூப்பிடாதீங்க.”

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. போகாதேண்ணா, மோட்டார் வந்துடும், ரெண்டு நாள் பொறு என்று கத்தினேன். அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நடந்தான். அப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விடச் சொன்னேன். கயிற்றை அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையை அப்பா தன் கையில் சுற்றிக்கொண்டார். அவன் உள்ளே இருந்த நேரம் முழுக்க அப்பா அவனைப் பேச வைத்துக்கொண்டே இருந்தார். பதில் வரத் தாமதமானபோதெல்லாம் கயிற்றை இழுத்தார். உள்ளேயிருந்து அண்ணன் திட்டினான்.

திரும்பி வந்துவிட்டான். உயிரோடு வந்துவிட்டான்.

ஆகஸ்ட் 22

மோட்டார் கேட்டதற்குப் பதில் இல்லை. அண்ணன் வண்டிக்குக் கிளம்பும்முன் சோப்புப் போட்டுக் கழுவிய கையை முகர்ந்து பார்த்தான்.

செப்டம்பர் 4

அண்ணனிடமிருந்து வண்டியை வாங்கி முதலாளி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். குழியில் இறங்கியவன் கொண்டுவரும் மாவு மூட்டையைக் கடையில் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். சொன்னது கடைக்காரர்.

செப்டம்பர் 12

காலையில் அடுத்த தெருவிலிருந்து கூப்பிட வந்தார்கள். நான் வெளியே வந்து, யாரும் வர மாட்டோம் என்று சொன்னேன். சத்தமாக, நடுங்காமல் சொன்னேன்.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினேன். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு, கயிறோடு நின்றிருந்தான்.