வாய்க்கால் பாலத்தில் என் பாவாடை

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்று பஞ்சாயத்து ஜீப் எங்கள் தெருவுக்கு வந்தது. வாய்க்கால் பாலத்தில் ஸ்லாப் உடைந்து விழுந்த குழியை மூடத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். மழைக்கு முன்பே தெருவே திரண்டு போய் மனு கொடுத்தோமே.

இறங்கிய ஆட்கள் குழிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருட்டில் யாரும் விழுந்துவிடக் கூடாதென்று என் பழைய சிவப்புப் பாவாடையைக் கம்பில் கட்டி அங்கே நட்டிருந்தேன். அதைப் பிடுங்கினார்கள்.

"ரோட்டோரத்துல இருக்கற கட்சிக் கொடியெல்லாம் எடுக்கச் சொல்லி கோர்ட்டு ஆர்டருங்க," என்றார் ஒருவர்.

"ஏனுங்க, அது கொடியில்லீங்க. என்ற பாவாடைங்க."

கூட வந்த வார்டு மெம்பர் சிரித்தார். "எதுவானாலும் எடுத்துத்தான் ஆகோணுங்கக்கா. நாளைக்கு யாராச்சும் கேட்டா நாந்தானுங்களே பதில் சொல்லோணும்?"

"குழிக்கு எப்பங்க பதில் சொல்லுவீங்க?"

"அதுக்கு ஃபண்டு வரோணுங்க."

மற்ற கொடிகளோடு பாவாடையையும் சுருட்டி ஜீப்பின் பின்பக்கத்துக்குள் எறிந்தார்கள். ஜீப் குழியை அழகாக ஒதுக்கிக்கொண்டு போனது. அது எங்கே இருக்கிறதென்று டிரைவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தூ.

விளக்கு வைக்கும் நேரத்தில் பால்காரர் மாரிமுத்து வண்டியோடு அதில் விழுந்தார். முழங்கால் தோல் பிய்ந்துவிட்டது. பால் முழுக்க வாய்க்காலில் போனது.

வேறு துணி தேடினேன். பச்சை, நீலம், காவி, எதை எடுத்தாலும் அது ஏதோ ஒரு கட்சிக்குச் சொந்தம். கடைசியில் இவருடைய கட்டம்போட்ட லுங்கியைக் கம்பில் கட்டி நட்டுவிட்டு வந்தேன்.

"என்ற லுங்கி எங்க புள்ள?" என்று இப்போது உள்ளேயிருந்து கேட்கிறார்.

"பஞ்சாயத்து வேலைக்குப் போயிருக்குதுங்க," என்றேன்.