கல்லில் ஏறவிருந்த பெயர்

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, உங்கள் பூனைக்கு மீன் டப்பாவைத் திறந்ததுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. பதினோரு மாதமாகியும் அந்த வாடை எனக்குப் பழகவில்லை. "சைவக்காரி வீட்டுக்குப் போனால் என் பூனை பட்டினியால் செத்துவிடும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சீண்டினீர்களே, சாகவில்லை ஆன்ட்டி. நன்றாகக் கொழுத்திருக்கிறது.

கையைக் கழுவிவிட்டு போனை எடுத்தேன். டெக்சாஸிலிருந்து உங்கள் கணவரின் தம்பி மகன் மெயில் அனுப்பியிருந்தார். உங்கள் கல்லறைக் கல்லில் வரவேண்டிய எழுத்துகளின் மாதிரியை இணைத்திருந்தார். மதியத்துக்குள் நான் பார்த்துச் சரி என்று சொன்னால் செதுக்கத் தொடங்கிவிடுவார்களாம். படத்தைத் திறந்தேன். சாம்பல் நிறக் கல். மேலே உங்கள் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். இரண்டுக்கும் நடுவே, சாரா.

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இறப்புச் சான்றிதழில் உள்ளபடியே போட்டிருப்பதாக அவர் எழுதியிருந்தார். சான்றிதழுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது உயிரோடிருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிரிட்ஜ்வாட்டரில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரமே வேலியருகே நின்று, "உன் வீட்டில் மிளகாய் வறுத்தால் நியூ ஜெர்சி முழுக்கத் தும்முகிறது" என்றீர்கள். பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு வேண்டாம், ஒரு கிண்ணம் கொடு" என்றீர்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. உங்களுக்கு வண்டி ஓட்ட முடியாமல் போனபோது நான் ஓட்டினேன். கடிதங்களைப் படிப்பது, படிவங்களை நிரப்புவது எல்லாம் என் வேலையாயிற்று.

படிவம் என்றால் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, உங்களுக்கே தெரியும். என் பிறப்புச் சான்றிதழில் பெயரே கிடையாது. எங்கள் ஊரில் குழந்தை பிறந்த உடனே போய்ப் பதிந்துவிடுவார்கள், பெயர் பிறகுதான் வைப்பார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு யாருக்கும் தோன்றாது. ஆகவே நான் "பெண்" மட்டும்தான். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தபோது அதைக் காட்டிக் கேள்வி கேட்டுவிட்டார்கள். அப்பா கரூர் நகராட்சிக்கு எத்தனை நடை நடந்தாரோ. அன்றிலிருந்து பர்த் சர்டிபிகேட்டில் உள்ளபடி ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதவேண்டும் என்பது எனக்கு வேதவாக்கு.

அதனால்தான் அந்தத் தவறைச் செய்தேன். உங்கள் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியின் தளத்தில் பதிவு செய்தபோது, உங்கள் பழுப்பு உறையிலிருந்த ஜெர்மன் பிறப்புச் சான்றிதழைத்தான் பார்த்தேன். நீங்கள் ஸ்கேன் செய்யச் சொல்லிக் கொடுத்த உறை. எனக்கு ஜெர்மன் தெரியாது. ஓரத்தில் முத்திரையோடு சேர்த்து எழுதியிருந்த ஒரு பெயர் மட்டும் புரிந்தது. நடுப்பெயர் என்ற கட்டத்தில் அதைத் தட்டினேன். எவ்வளவு கவனமான ஆள் நான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆபரேஷன் நாளன்று நர்ஸ் கதவைத் திறந்து மூன்று பெயர்களையும் சேர்த்துக் கூப்பிட்டாள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். கைத்தடியை எடுக்கவில்லை, நாற்காலியைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டியிருக்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல. தொண்ணூற்று இரண்டு வயதில். வாயிலிருந்து ஜெர்மனில் ஒரு சொல் வந்தது. "இருக்கிறேன்" என்று அர்த்தம் என்பதைப் பிறகு சொன்னீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யார் கொடுத்தது அவர்களிடம் அந்தப் பெயரை?"

"நான்தான் ஆன்ட்டி. உங்க பர்த் சர்டிபிகேட்ல இருந்துச்சே."

நீங்கள் கைத்தடியை எடுத்துக்கொண்டு நர்ஸின் பின்னால் போனீர்கள். திரும்பி வரும்போது ரூட் 22 நெடுஞ்சாலையில், ஒரு கண்ணில் கட்டோடு, ஜன்னலைப் பார்த்தபடி பேசத் தொடங்கினீர்கள்.

உங்கள் சிறுவயதில், நாஜிகளின் ஜெர்மனியில், முதலில் பூங்காவில் சில பெஞ்சுகளில் யூதர்கள் உட்காரக் கூடாது என்றார்கள். சரி, இது இல்லாமலும் வாழலாம் என்றார் உங்கள் அப்பா. அடுத்தது நீச்சல் குளம். இது இல்லாமலும் வாழலாம். உங்களோடு தினமும் பள்ளிக்கு நடந்து வந்த தோழி தெருவின் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். அதற்கும் அதே வாக்கியம். பிறகு நவம்பரில் ஒரு நாள் அப்பாவின் குடைக்கடைக் கண்ணாடியை உடைத்தார்கள், அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்து வாரம் கழித்துத் தலை மழிக்கப்பட்டுத் திரும்பி வந்தவர் அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லவேயில்லை. அவர் இல்லாதபோது உங்களைப் பள்ளியிலிருந்து நீக்கியிருந்தார்கள், அதற்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பெயர். யூதப் பெண்கள் எல்லோருக்கும் கூடுதலாக சாரா. ஆண்களுக்கு வேறொன்று. "பதிவு அலுவலகத்துக் குமாஸ்தா எங்கள் கடையில் குடை வாங்கியவர். மரியாதையாகத்தான் பேசினார். என் சான்றிதழில் எழுதி, ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி, மை காய்ந்ததா என்று பார்த்துத்தான் அம்மாவிடம் கொடுத்தார். தங்கையுடையதிலும் எழுதினார். அவளுக்கு நான்கு வயது. அழகான கையெழுத்து. ஒரு பிழை கிடையாது."

குழந்தைகளை மட்டும் இங்கிலாந்துக்கு ஏற்றிச்சென்ற ரயிலில் உங்களுக்கும் தங்கைக்கும் இடம் கிடைத்தது. கிளம்பும் நாளில் தங்கைக்கு அம்மை. அடுத்த ரயிலில் அனுப்புகிறோம் என்றார் அம்மா. அடுத்த ரயிலுக்கு முன் யுத்தம் வந்துவிட்டது.

அப்புறம் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக வந்த தாள்கள். ஒன்றுக்கு இருபத்தைந்து சொற்கள்தான் அனுமதி. மூன்று வந்தன. ரேடியோவை ஒப்படைத்துவிட்டோம் என்று ஒன்று. பூனை இப்போது எங்களோடு இல்லை என்று ஒன்று. யூதர்கள் பூனைகூட வளர்க்கக் கூடாதாம். பயணம் போகிறோம் என்று கடைசியில் ஒன்று. மூன்றிலும் அனுப்புநர் என்ற இடத்தில் உங்கள் அம்மா அந்தப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். பெற்ற மகளுக்கு எழுதும்போதும் அதை விட அனுமதியில்லை.

இந்தியன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டேன். கொத்தமல்லிக் கட்டோடு ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் முகாம்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்த இடத்துக்குப் போய்ச்சேரும் முன் இத்தனை தாள்களும் கையெழுத்துகளும் இருந்தன என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் உறையின் அடியிலிருந்து ஒரு நகலை எடுத்துக் காட்டினீர்கள். யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து உங்களுக்குக் கிடைத்த, ரயிலில் கிழக்கே முகாம்களுக்குக் கொண்டுபோனவர்களின் பட்டியல். நானே ஸ்கேன் செய்த தாள், படிக்கவில்லை. வரிசை எண், பெயர், சாரா, பிறந்த தேதி, தொழில். ஏழு வயது தங்கையின் வரியிலும் தொழில் கட்டத்தைக் காலியாக விடாமல் "இல்லை" என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

"இன்றைக்கே அதை எடுத்துவிடு" என்றீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நீங்களே அடையாள அட்டையோடு நேரில் வந்து படிவம் தரவேண்டும் என்றார்கள். எனக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரம், லீவு கிடையாது. அடுத்த வாரம் என்று வைத்தேன், அதற்கடுத்த வாரம் என்று வைத்தேன். நீங்கள் மூன்றாவது முறை கேட்டபோது, "மாத்தியாச்சு ஆன்ட்டி" என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

அதே ஆஸ்பத்திரியில்தான் இறந்தீர்கள். அங்கிருந்த பதிவு சான்றிதழுக்குப் போயிற்று, சான்றிதழிலிருந்து கல்லுக்கு. நடுவில் யாருக்கும் உங்கள்மேல் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. எல்லோரும் முன்னால் இருந்த தாளைப் பார்த்துச் சரியாக எழுதினார்கள்.

டெக்சாஸுக்குப் போன் செய்தேன். செதுக்க வேண்டாம், நடுப்பெயர் தவறு, அது நாஜி ஆட்சி திணித்த பெயர் என்றேன். அவர் பதறிவிட்டார். "கடவுளே, நல்லவேளை நீங்கள் பார்த்தீர்கள். எப்படி நேர்ந்தது? யாராவது கிளார்க் செய்த தவறா?"

"ஆமாம்" என்றேன். "யாரோ ஒரு கிளார்க்." தடுமாறக்கூட இல்லை. அவர் நன்றி சொன்னார். அடுத்த மாதம் கல்லின் மேலிருக்கும் துணியை விலக்கும் சடங்கில் நான்தான் பேச வேண்டும் என்றார். "பெரியம்மாவுக்கு உங்களைப்போல் உண்மையாக இருந்தவர்கள் யாருமில்லை" என்றார்.

போனை வைத்ததும் நான் செய்ததை என் கணவரிடம் சொன்னேன். அவர், "அதான் நிறுத்தியாச்சுல்ல? விடு. ஹாஸ்பிடல் மிஸ்டேக்னே இருக்கட்டும். இப்ப போய் எல்லாத்தையும் கிளறி அவர ஹர்ட் பண்ணணுமா?" என்றார். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார். நானும் தலையாட்டிவிட்டுக் காபி போட்டேன்.

இறப்புச் சான்றிதழைத் திருத்தும் படிவத்தை இப்போதுதான் அச்செடுத்தேன். நெருங்கிய உறவினர் படித்துக் கையெழுத்திட வேண்டும், அதாவது டெக்சாஸில் இருக்கும் அவர். பிழை எப்படி நேர்ந்தது என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் "கிளார்க்" என்று எழுதினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லை நினைத்தாலே, மை காய்வதற்காகக் காத்திருக்கும் அந்த மனிதர் என் முன்னால் வந்து நிற்கிறார்.

என் பெயரை முழுதாக எழுதப்போகிறேன். நான்தான் தட்டினேன் என்றும், தவறென்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை என்றும், மாற்றிவிட்டதாக உங்களிடம் பொய் சொன்னேன் என்றும். அதைப் படித்த பிறகும் என்னைப் பேசச் சொல்வாரா என்று தெரியாது. பூனையைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார். இப்படி எழுதப்போவதை என் கணவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்கிறேன்.