பதினொரு மூக்குக்கண்ணாடிகள்

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அண்ணன் வீட்டிலும் சுகம். அங்கே நீயும் சுகம்தானே என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததைக் கேட்ட பிறகு அப்படி எழுதினால் அது வெறும் வாய்ப்பேச்சு. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்ற அளவிலாவது சுகம் என்று வைத்துக்கொள்கிறேன். நம் குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, குழாய்க்காரர் மூன்று வாரமாக இதோ வந்துட்டேன் இதோ வந்துட்டேன் என்கிறார், எங்கேயிருந்து வந்துகொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. அண்ணனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், ஒரு பக்கம் கன்னம் வீங்கிப் பேச முடியாமல் கிடக்கிறான், அண்ணி வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கு அத்தை என்கிறாள்.

நேற்று போனில் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிளம்பாதே என்று மட்டும் சொன்னேன், நீ பார்க்கலாம் என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டாய். ஏன் கிளம்பக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் ஊரில் பேச்சு பாதியில் அறுந்துபோகும், அறுந்தால் மீதியை மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வராது. விஷயம் இதுதான் கண்ணு. கண்ணாடி விஷயத்தில் தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

அவசரப்படாமல் படி, முதலிலிருந்து சொல்கிறேன். நீ வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போகப்போகிறேன், ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மாதம் தங்கி அங்கே இருக்கிறவர்களுக்கு ஏதாவது வேலை செய்துகொடுப்பேன் என்று சொன்னபோது அப்பா என்ன சொன்னார், ஊர் சுத்தறதுக்கு இப்படி ஒரு பேரா என்றார். அதே மனுஷன்தான், இந்த மலை ஊர்ச் சுகாதார நிலையத்தில் கண் பரிசோதனை முகாமில் இருக்கிறேன், பழைய மூக்குக்கண்ணாடி கிடைத்தால் அனுப்புங்கள் என்று நீ கேட்ட மறுநாள் நம் கண்ணாடிக் கடை வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் வீட்ல சும்மா கிடக்கிறதைக் கொண்டாங்க என்று நச்சரித்தார். எண்பது வந்ததும் ஒவ்வொன்றையும் கழுவி, ஆணி முறுக்கி, மிஷினில் வைத்துப் பவர் பார்த்து, நோட்டில் எழுதி, வலது கம்பியில் வலது கண் பவரும் இடது கம்பியில் இடது கண் பவருமாகச் சீட்டெழுதிக் கட்டினார். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. அப்படி இரண்டாவதாக வந்த அறுபதுக்குத்தான், அந்த ஷூ பெட்டியில் வந்ததே அதற்கு, அவருக்குத் தோள் வலி, நான் உதவி செய்தேன். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவர் பார்த்துச் சொல்லி, நோட்டில் குறித்துக்கொண்டு, கண்ணாடியை என் பக்கம் நீட்டுவார், நான் வலது கண் பவர் எழுதிய சீட்டை வலது கம்பியிலும் இடது கண் பவர் எழுதியதை இடது கம்பியிலும் கட்டுவேன், சீட்டில் வெறும் எண் மட்டும்தான். யாருடைய வலது? என் வலது! கண்ணாடி என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, போட்டுக்கொள்கிறவருடைய வலது எனக்கு இடது பக்கம் அல்லவா வரும், அது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. அறுபதையும் மாற்றிக் கட்டினேன். பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் அடித்தல் திருத்தல் இல்லாமல் நகல் எழுதினவள் என்று என்னைப் பற்றி நானே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன், அந்தக் கையால்தான்.

இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ளவர்களுக்கு இதனால் ஒன்றும் இல்லை. வித்தியாசம் உள்ளவர்களுக்குத்தான் எல்லாம் தலைகீழ். நீ அங்கே டாக்டர் எழுதிய சீட்டையும் நான் கட்டிய சீட்டையும் ஒன்றுக்கு இரண்டு தடவை ஒத்துப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாய், அதை ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே சொன்னாய். அந்தத் தச்சர் எட்டு நாள் தலைவலியோடு நீ கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் ஒரு ஜன்னல் முழுக்க அளவு தப்பி, பலகை வீணாகி, அப்புறம்தான் வந்து உன் மேஜைமேல் கண்ணாடியை வைத்தார், முகாமை நடத்துகிறவர் எல்லோருக்கும் எதிரில் பொறுப்பில்லாத வேலை என்று உன்னைச் சொன்னார் என்றாய். அப்பா என்ன பதில் சொன்னார் என்பதை நான் திருப்பி எழுத வேண்டாம். கோபம் அவருக்கு மூக்கு நுனியில்தானே. நான் பவர் பாத்து அனுப்பினதை ஒழுங்கா எடுத்துக் குடுக்கக்கூடத் தெரியலையா என்று அவர் கத்தும்போது நான் பக்கத்திலேயே நின்றேன்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். சீட்டு சரியாத்தான்பா இருந்துச்சு என்று நீ சொன்ன அந்த நிமிஷமே எனக்குச் சுருக்கென்றது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் நான் உட்கார்ந்திருந்தது அப்படியே கண்ணுக்குள் வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. அப்பா சாப்பிடும்போதும் உன்னைத்தான் திட்டினார், பதமாகத் திட்டினார், என்ன இருந்தாலும் சின்னப் பொண்ணு அவசரக்குடுக்கை என்றார், நான் ஊம் கொட்டிக்கொண்டே தட்டைக் கழுவினேன். நிச்சயமாகத் தெரியாமல் எதற்கு வாயை விட வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிச்சயம் தெரிந்துகொள்ளக் கடைக்குப் போய் அப்பாவுடைய நோட்டைப் புரட்டினால் ஐந்து நிமிஷ வேலை, போகவில்லை. பெற்ற பெண் ஊர் பேர் தெரியாத இடத்தில் தன் தலையில் இல்லாத பழியைத் தூக்கிக்கொண்டு அழுகிறாள், தாய்க்காரி தன் கையெழுத்துப் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். இதற்கு நீ என்மேல் கோபப்படு, கோபப்பட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாடி வீட்டில் குடியிருக்கிற மீட்டர்க்காரர், வீடு வீடாக மின் மீட்டர் படிக்கிறவர், வந்தார். அந்தப் பெட்டியில் மிஞ்சிய ஒன்றை அப்பா அவருக்குக் கொடுத்திருந்தார், சீட்டைப் பார்த்துத்தான். மீட்டரெல்லாம் மிதக்குது சார், நேத்து ஒருத்தர் வீட்டு மீட்டரைத் தப்பாப் படிச்சு அவரு சண்டைக்கே வந்துட்டாரு என்றார். அப்பா உடனே உங்க கண்ணைத்தான் மறுபடி பாக்கணும் என்று ஆரம்பித்தார். பாவம் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. சீட்டு மாத்திக் கட்டினது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அப்பா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நீட்டின கை என் கைதானே, நான் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கணும் என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அப்படிச் சொல்லவும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மீட்டர்க்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் நம் வீட்டு மீட்டரைப் படிக்கப் போய்விட்டார். அப்பா உன்னிடம் தானே பேசுகிறேன் என்றார், ஆனால் தெரியும் உனக்கு, மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்குத் தொண்டைக்கு மேல் வராது, போனில் உன்னிடம் அங்கே குளிரா என்றுதான் கேட்பார். அதையே நீ மன்னிப்பாக எடுத்துக்கொள்.

இப்போது காரியம். நீ யார் யாருக்கு எது கொடுத்தாய் என்று பெருமையாகப் போட்டோ எடுத்து அனுப்பிய பக்கங்கள் இருக்கிறதே, அதையும் நோட்டையும் வைத்துக்கொண்டு நேற்று அப்பாவும் நானும் ஒரே பக்கமாக உட்கார்ந்து பார்த்தோம். ஷூ பெட்டியிலிருந்து போனதில் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் உள்ளவர்கள் பதினொரு பேர். தச்சரையும் சேர்த்து நாலு பேருக்கு அப்பா புதிதாகவே லென்ஸ் போட்டுவிட்டார், இந்தக் கடிதத்தோடு பார்சல் பஸ்ஸில் வருகிறது, வியாழக்கிழமை சாயங்காலம் கிடைத்துவிடும். மீதி ஏழும் திங்கட்கிழமைக்குள் வரும். பதினொரு பேருடைய பட்டியலும் உள்ளே இருக்கிறது, எழுதியது நான், சரிபார்த்தது அப்பா, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நான் இந்த ஊருக்கு வராமலே இருந்திருக்கலாம், உதவி செய்யறேன்னு வந்து உபத்திரவம் பண்ணிட்டேன் என்று நீ சொன்னதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மற்ற நூற்றுச் சொச்சம் பேர் நன்றாகப் பார்க்கிறார்களே என்று உன்னைத் தேற்ற மாட்டேன், பலகை வீணானவருக்கு அந்தக் கணக்கு எதற்கு. எனக்கு உறுத்துவது வேறு. அந்த மனுஷன் தலைவலி தாங்காமல் கழற்றி வைத்திருந்தாலும் நீ தெருவில் வரும்போது கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார், நீ தாண்டிப் போனதும் கழற்றிவிடுவார், அதை அவருடைய சம்சாரம் அப்புறம் உன்னிடம் சொன்னதாகச் சொன்னாயே, அதுதான். விருந்தாளியாக வந்த பெண், தூரத்திலிருந்து வந்து இலவசமாகக் கொடுத்தது, வாய் விட்டுச் சொன்னால் அவள் முகம் வாடிவிடும் என்று எட்டு நாள் தலைவலியைப் பொறுத்திருக்கிறார். அப்படியானால் அந்த ஊரில் இன்னும் பத்துப் பேர் இந்த நேரம் உனக்காகப் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். நீ வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டால் அவர்களிடம் யார் சொல்வது? முகாமை நடத்துகிறவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார் என்கிறாய். நீ மறுபடி எந்த ஊருக்குப் போனாலும் போ, அப்பா என்ன சொன்னாலும் நான் தடுக்க மாட்டேன், ஆனால் கொடுத்த கையோடு நகராமல், பத்து நாள் கழித்து மறுபடி அந்த வாசலுக்குப் போய்ச் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறவளாகப் போ. இரண்டு மாதம் தங்குவதே அதற்குத்தானே.

யாராவது கோபப்பட்டால் கண்ணாடிக்காரர் சம்சாரம் மாற்றிக் கட்டிவிட்டாள் என்று தாராளமாகச் சொல், நடத்துகிறவரிடமும் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு, எனக்கு ஒன்றும் கௌரவம் குறைந்துவிடாது, குறைந்தாலும் குறையட்டும். தச்சருடைய வீணான பலகைக்கு என்ன செய்வது என்று அவரிடமே கேட்டு எழுது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நன்றாகச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ எங்கே போனாலும் உன்னைச் சுற்றி நல்ல மனுஷர்களே இருக்கட்டும், நீயும் அவர்களுக்கு நல்லவளாகவே இரு, நூறு வயசு திடமாக இரு என் தங்கமே.

ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. மீதி ஏழும் வருகிற வரைக்கும் காத்திருக்காதே, இந்தக் கடிதம் கிடைத்ததுமே மற்றப் பத்து வீட்டுக்கும் போய் நீ கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல். உடனே கழற்ற மாட்டார்கள். பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கு என்பார்கள், சொல்லிக்கொண்டே உன் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது நீ சிரித்த முகமாக நில், அவர்கள் கழற்றி உன் கையில் கொடுக்கும் வரைக்கும்.

இப்படிக்கு,
இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்த
உன் அம்மா