அடிபடாத விரல்

தாது வருஷம், தை 11, ஞாயிறு.

என் விரலில் அடியே படவில்லை. ஆனாலும் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, காலையில் என் மனைவி இடது கை விரலில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றினாள்.

"நீங்க வீணை வித்வான்னு சொல்லியாச்சு. வாசிக்கச் சொன்னா விரலைக் காட்டுங்க, போதும்."

நாடகத்தில் நான் வாசிக்கும் பாஞ்சோவைப் பழைய புடவையில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பெண் பார்க்க வந்த பெங்களூர்க்காரர்கள் வாசிக்கச் சொன்னார்கள். விரலைக் காட்டினேன். நாடகக் கம்பெனியில் பதினைந்து வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து கிளாரினெட் ஊதும் ராமண்ணா, யாரும் கேட்காமலே சாட்சி சொன்னான்.

"இவரு வீணைய அரமனேலயே கேட்டிருக்காங்க!"

தான் என்ன ஊதுகிறான் என்று மட்டும் சொல்லவில்லை.

சம்பந்தியாம், சம்பந்தி! முகமெல்லாம் பல்லாக, "எங்கே நாடகக் கூத்தாடி வீட்டுல மாட்டிக்குவோமோன்னு பயந்தோம்" என்றார். ராமண்ணா சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். தாம்பூலம் மாற்றினோம்.

அவர்கள் போனதும் பாஞ்சோவை எடுக்கக் குனிந்தேன். மகள் வந்து நின்றாள். எனக்காக வருந்துகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, கல்யாணத்தன்னைக்கும் விரல்ல இந்தக் கட்டைப் போட்டுக்குவீங்கதானே?"

சரி என்றேன். கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை.