தோளைத் தட்டிக் கூப்பிடும் தெரு

இன்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு. தெருவிலுள்ள விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. என் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடுவது எனக்கே கேட்டது. நீ இருந்தவரை இந்த நேரத்தில் கேட்டது கடிகாரம் அல்ல; "ஏட்டி, காப்பி போட்டாச்சா?" என்று எதிர்வீட்டிலிருந்து நீ போடும் சத்தம். மாதத்தில் அந்த ஒருநாள்தான் நாம் வாசலில் நின்றபடி பேசிக்கொள்ள முடியும்.

மற்ற நாள்களில் நீ பின்னாலிருந்து வந்து என் தோளில் இரண்டு தட்டு தட்டுவாய். நம் தெருவில் எல்லாரும் அப்படித்தான். தறி ஓடும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டு யாருக்குக் கேட்கும்? நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு நேற்றுவரை என் தோளை யாரும் அப்படித் தட்டவில்லை.

கோமதி விஷயத்தில் தெருவே ஏமாந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். மூன்றாவது வீட்டு இசக்கியின் மகள். இரண்டரை வயதில் உன் அங்கன்வாடிக்கு வந்தாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். நீ அதைச் சொன்னபோது இசக்கி சிரித்தாள். "எங்க வீட்ல கூப்பிட்டா யாரு திரும்புதாக்கா? தறிக்குள்ளயே பொறந்த பிள்ளை. தட்டுனாத்தான் பாக்கும்."

நானும் அவள் பக்கம்தான் பேசினேன். வழக்கம்போல உதாரணமும் சொன்னேன். என் வகுப்பில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, பேரைச் சொன்னால் எழமாட்டாள், பெஞ்சைத் தட்டினால்தான் எழுவாள், இன்று பேங்கில் வேலை பார்க்கிறாள் என்றேன். நீ முழுதும் கேட்டுவிட்டு, "தட்டுனதும் அது உன் மூஞ்சியப் பாத்துச்சுல்லா? இது தட்டுனாலும் மூஞ்சியப் பாக்கமாட்டேங்கு" என்றாய்.

அப்புறம் கரண்ட் இல்லாத ஒரு நாளில் கோமதியின் பின்னால் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் அசையவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை மெல்லக் கசக்கினாய். உடனே திரும்பினாள். "காது கேக்குட்டி. பேருதான் அவளுக்கு எட்டல. இன்னும் ஒரு வருசம் பாப்போம்னு விட்டுட்டா, போன வருசத்த யாரு திருப்பிக் குடுப்பா?" என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

அதற்கு முன்பே ஒருமுறை, பேச்சு வரவில்லையே என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பஸ் முழுக்க அழுத பிள்ளை, டோக்கன் எடுத்துக் காத்திருந்ததில் களைத்து, டாக்டர் பார்க்கும்போது தூங்கிப்போனாள். பேச்சு தானாக வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொருமுறை போக இசக்கிக்கு மனசில்லை. சுகாதார நர்ஸிடம் விசாரித்து, குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் போனிலேயே பார்ப்பார் என்று நீதான் கண்டுபிடித்தாய். நாள் கேட்டபோது, எங்கள் தெருவில் கரண்ட் இல்லாத நாளாகக் கொடுங்கள் என்று கேட்டவளும் நீதான்.

அந்த இடைப்பட்ட பத்து நாள் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முப்பத்தாறு வருஷம் வாத்திச்சி வேலை பார்த்தவள் நான். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் பதில் சொல்லும் பிள்ளைகளை முன்பெஞ்சில் உட்காரவைப்போம். கேட்கப்போகும் கேள்வியை முதல்நாளே சொல்லிக்கொடுப்போம். டாக்டர் பார்க்கப்போகிறார் என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது. தினமும் கோமதியைக் கூட்டிவந்து, படஅட்டையைக் காட்டி, தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "அம்மா", "பூ", "மாடு" என்று சொல்லவைத்தேன். பத்தாம் நாள் அட்டையைப் பார்த்ததும் மூன்றையும் சொன்னாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தேன்.

அந்த நாள் இசக்கி வீட்டில் நின்றுபோன தறிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். போனில் டாக்டர் முகம் வந்தது. "பாப்பா ஏதாவது பேசுறாளா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு அட்டைகளை நீட்டினேன். அம்மா, பூ, மாடு. இசக்கியின் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே! "பரவாயில்லையே, நல்லாச் சொல்றாளே. அப்போ ஆறு மாசம் கழிச்சு..." என்று டாக்டர் தொடங்கினார்.

நீ குறுக்கே பேசினாய். "டாக்டரம்மா, அது டீச்சர் சொல்லிக்குடுத்துச் சொல்லுதா. அவளாப் பேசல. இப்பப் பாருங்க." போனை என் கையிலிருந்து வாங்கி, தரையில் உன் எவர்சில்வர் தூக்குவாளியில் சாய்த்து வைத்தாய். எங்களைச் சுவரோரம் போகச் சொன்னாய். என்னைப் பார்த்து, "கைய மடில வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்றாய்.

இருபது நிமிஷம் யாரும் பேசவில்லை. கோமதி நூல் சுற்றிய தார்க்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைமாறாமல் வரிசையாக அடுக்கினாள். ஒன்று கோணினால் கலைத்து முதலிலிருந்து அடுக்கினாள். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும்படி டாக்டர் இசக்கியிடம் சொன்னார். அவள் கூப்பிட்டாள். அந்த அமைதியில் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். பிள்ளை திரும்பவில்லை.

"எதையாவது எடுத்துட்டு வந்து 'இங்க பாரு'ன்னு உங்ககிட்ட காட்டுவாளா?" என்று டாக்டர் கேட்டார். இசக்கி பிள்ளையைப் பார்த்தாள். "இல்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டிசம் என்ற சொல்லை டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். காது சோதனைக்கு ஒருமுறை நேரில் வரவேண்டும், மற்றபடி பயிற்சியைப் போனிலேயே சொல்லித்தரலாம், இந்த வயதில் தெரிந்தது நல்லது என்றார். போனை வைத்ததும் இசக்கி உன்னிடம் பாய்ந்தாள். "பேசுன பிள்ளைக்கு நோக்காடுன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டியேக்கா! டீச்சருக்கு இருந்த எரக்கம்கூட ஒனக்கு இல்லியே!" நீ தார்க்குச்சிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாய். நான் உன் பக்கம் பேசியிருக்கலாம். டாக்டர் முன்னால் என்னை இறக்கிவிட்டாய் என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நாற்பது நாள் உன்னோடு பேசவில்லை. ஒருநாள் தோளில் இரண்டு தட்டு. திரும்பினால் நீ, கையில் தூக்குவாளி. "ரசம் வச்சேன். கோவத்தோட குடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றாய். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், நான் செய்தது தப்பு என்று. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அந்தச் சித்திரையில் நீ நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. தூக்குவாளி என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இசக்கியின் கோபமும் மெல்லத்தான் ஆறியது. நீ போன பிறகு, "யக்கா இருந்தா இத எப்பிடிச் செய்வா?" என்று பயிற்சித் தாளோடு என்னிடம் வந்து நின்றாள். இப்போது கரண்ட் இல்லாத நாளில் டாக்டரோடு பேசுவது என் வீட்டில்தான். போன் சாய்ந்திருப்பது உன் தூக்குவாளியில். நான் சுவரோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். சொல்லிக்கொடுக்க வாய் பரபரக்கும். அடக்கிக்கொள்கிறேன். இத்தனை வருஷ வேலையில் கற்காததை உன் ஒரு அதட்டலில் கற்றேன்.

இன்றைக்கும் அப்படித்தான். கோமதிக்கு நாலரை வயதாகிறது. இசக்கி டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியே பூட்டிக்கிடக்கும் உன் வீட்டைப் பார்த்தபடி இருந்தேன். தோளில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

உன் பேரைச் சொல்லிக்கொண்டுதான் திரும்பினேன்.

கோமதி நின்றாள். சிவப்பு நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்றை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். கேட்கவில்லை, கொடுக்கவுமில்லை. காட்டினாள். ஒரு நொடி என் கண்ணைப் பார்த்தாள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து வாசல்வரை போய்விட்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஓட ஆரம்பித்தன. உன் கதவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மன்னிப்பையும் சேர்த்து. எனக்கே கேட்கவில்லை.