சுவரோரம் நின்ற கேமரா

என் செல்ல அத்தைக்கு,

உன்னை இன்னும் “பார்லர் அக்கா” என்றுதான் அல்சூரில் எல்லோரும் சொல்கிறார்கள். பார்லர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. உன் பெரிய கண்ணாடியை மட்டும் அவர்கள் கழற்றவில்லை. போனுக்குக் கவர் வாங்க வருகிறவர்கள் அதில் தலையைச் சரிசெய்துகொண்டு போகிறார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும்தான். அவர் இன்னும் ஆட்டோவை மாற்றவில்லை. கரண்ட் ஆட்டோ வாங்கப்போவதாக நீ இருந்தபோதே சொன்னாரே, இப்போதும் அதையே சொல்கிறார். “அடுத்த மாடல்ல பேட்டரி இன்னும் நிக்குமாம்.” எப்போது கேட்டாலும் அடுத்த மாடல்தான்.

இந்த ஐப்பசியில் எனக்கும் அதே கேள்வி வந்தது அத்தை. கேமராவை இப்போதே மாற்றுவதா, பொறுப்பதா?

ஒன்பதாவதோடு நான் பள்ளியை விட்டபோது நீ வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் கேமராதான் இன்னும் என்னிடம் இருக்கிறது. உனக்குக் கேமராவைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நீ அலங்காரம் செய்கிற பெண்களைப் படம் எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஸ்டுடியோ மஞ்சு அண்ணா என்னை நலங்குகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார். நலங்கு வைக்கும்போது பெண்கள் மணப்பெண்ணைச் சுற்றி நெருக்கி நின்றுவிடுவார்கள். அந்த வட்டத்துக்குள் ஆண்கள் போக முடியாது. அங்கேதான் எனக்கு வேலை.

நீ கண்ணை மூடியதிலிருந்து என் படங்கள் கெட்டுப்போயின. எல்லாம் மங்கல், எல்லாம் ஆட்டம். கேமராவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். மஞ்சு அண்ணாவும் கன்னடம் கலந்த தன் தமிழில் அதையே சொன்னார்.

“தை மாசம் தொம்மலூர்ல பெரிய கல்யாணம் இருக்கும்மா. லேடீஸ் சைடு முழுக்க உனக்கே கொடுக்கலாம்னு இருந்தேன். இந்தப் படத்த காட்டி எப்படிக் கொடுக்கறது? புதுசு எடு. இல்லன்னா பேடா, வேணாம், விட்டுடு.”

புதியது வாங்குவதென்றால் அப்பா ஆட்டோவுக்காகப் போடுகிற சீட்டை எடுக்க வேண்டும். தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன்.

“பொறு பாப்பா. அடுத்த வருஷம் இதே விலைக்கு இதைவிட நல்லது வரும்.”

“அடுத்த வருஷமும் நீ இதையேதான்பா சொல்லுவ.”

“அதுவரைக்கும் ஹெப்பகோடில ஒரு கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். போய்ப் பாரேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்பாகச் சொன்னார். கம்பெனிக்குப் போய்விட்டால் இந்தக் கேமரா பீரோவுக்குள் போய்விடும், பிறகு வெளியே வராது என்று எனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மஞ்சு அண்ணா தன்னுடைய புதுக் கேமராவை ஒரு நாளைக்குக் கொடுத்தார். “எடுத்துப் பாரு. அப்புறம் முடிவு பண்ணு.” கோயில் பக்கத்து மண்டபத்தில் ஒரு நலங்குக்குக் கொண்டுபோனேன். மறுநாள் ஸ்டுடியோவில் பெரிய திரையில் படங்களைப் பார்த்தோம். அவ்வளவு தெளிவு அத்தை! மல்லிகைச் சரத்தில் ஒவ்வொரு மொட்டும் தெரிந்தது. யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் கொக்கி தெரிந்தது. வரிசையாகப் பின்னந்தலைகள் தெரிந்தன. மணப்பெண்ணின் முகம் மட்டும் ஒரு படத்திலும் முழுதாக இல்லை.

மஞ்சு அண்ணா சிரித்துவிட்டார். “கேமரா மாறிச்சு, ஜாகா மாறலியே! எங்கம்மா நின்ன?”

“சுவத்துகிட்ட.”

“எப்பவுமா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் பழைய படங்களைத் திறந்தார், நீ இருந்தபோது எடுத்தவை. அதே கேமரா, அதே மண்டபத்து மங்கல் வெளிச்சம். ஆனால் முகங்கள் அப்படியே பளிச்சென்று இருந்தன. ஏறக்குறைய எல்லாப் படத்தின் ஓரத்திலும் பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு முழங்கை.

“உங்க அத்தை கை. எத்தன படத்துல வெட்டி எடுத்திருப்பேன்!” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வட்டத்தின் நடுவில் பெண்ணுக்குப் பூச்சரத்தைச் சரிசெய்தபடி நீ நிற்பாய். அங்கிருந்தே கத்துவாய்: “அடியே, அங்க என்ன சுவத்துக்கு முட்டுக் குடுக்கறியா? கிட்ட வாடி!” எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு முகம் சுடும். ஆனால் வழி விடுவார்கள், நான் உள்ளே வந்துவிடுவேன். நீ போனபின் கூப்பிட ஆளில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்க் கடைசியில் சுவரில் சாய்ந்துவிட்டேன். அங்கிருந்து ஜூமை முழுதாக இழுத்தால் வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே வரும், கை லேசாக அசைந்தாலும் படம் ஆடும். அது கேமராவின் வயது இல்லை.

மஞ்சு அண்ணா மேஜை டிராயரிலிருந்து என் கேமராவுக்குப் பொருந்தும் ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கொடுத்தார். அதில் ஜூம் கிடையாது. வெளிச்சத்தை நிறைய வாங்கும். முகம் வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும்.

போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு நலங்குக்குப் போனேன். வட்டத்துக்கு வெளியே வெகுநேரம் நின்றேன். கையில் சந்தனக் கிண்ணத்தோடு ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

“யாரும்மா நீ? பொண்ணு வூடா, மாப்ள வூடா?”

“போட்டோ…”

“சத்தமா சொல்லேன்டி, மேளத்துல ஒண்ணும் கேக்கல.”

“போட்டோ எடுக்க வந்தேன். பார்லர் அக்காவோட அண்ணன் பொண்ணு.”

அவர் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்க பெரியவளுக்கு அவதான்டி ஜடை வச்சா. அப்புறம் என்னாத்துக்கு வெளிய நிக்கற? ஏய், நகருங்கடி, நம்ம புள்ள வருது!”

உள்ளே போனேன். அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது மணப்பெண்ணும் பயந்துதான் இருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அதை எடுத்தேன்.

படங்களைப் பார்த்த மஞ்சு அண்ணா தை மாதக் கல்யாணம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். “முகம் இருக்கு, சரி. ஆனா இங்க நோடு, இத பாரு, யாரோ கை குறுக்க வருது. வெட்டிடலாமா?”

ஓரத்தில் சந்தனம் ஒட்டிய ஒரு கை. வேண்டாம் என்றேன். அவர் அதை அப்படியே சேமித்துவைத்தார்.

ஆகவே புதுக் கேமரா இப்போது வேண்டாம், பொறுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. “நான்தான் சொன்னேனே, பொறுன்னு!” அவர் ஜெயித்ததாகவே இருக்கட்டும். சீட்டு அப்படியே இருக்கிறது. இனி அந்த ஆட்டோவை மாற்றச் சொல்லித்தான் நான் சண்டை போட வேண்டும்.

இந்தக் கேமரா என்றைக்காவது நிஜமாகவே நின்றுபோகும். அன்றைக்குத் தயங்காமல் புதியது வாங்குவேன். தை மாதம் யாரும் கூப்பிடுவதற்காகக் காத்திருக்காமல் நானே வட்டத்துக்குள் போவேன் அத்தை. உன் பேரைச் சொல்லித்தான் போவேன், மேளத்திலும் கேட்கிற மாதிரி.

என்றும் உன் அண்ணன் மகள்,
மாலா