கழலாத சோல்

மார்ச் 4

எங்கள் கம்பெனியில் பழைய ஷூக்களைத் திரும்ப வாங்கிப் பிரித்து, அடியில் இருக்கும் சோலை அரைத்துப் புது ஷூ செய்யப் போகிறார்களாம். அதற்கென்று தனிப் பிரிவு. நானும் கேட்டேன். என் தங்கையை எடுத்துக்கொண்டார்கள்.

"உன்ன மாதிரி சோல் ஒட்டுறதுக்கு எனக்கு ஆள் கிடைக்காதும்மா," என்று சிரிக்கிறார் சூப்பர்வைசர். ஒழுங்காக வேலை செய்ததற்குத் தண்டனை.

மார்ச் 9

அவளுக்கு ஜன்னலோர நாற்காலி. எங்களுக்கு ஒரு மின்விசிறி கேட்டால், "பாக்கலாம்."

மார்ச் 15

சரக்கு வாங்குகிறவர்கள் வந்தார்கள். பூமியைக் காப்பாற்றுகிறார்களாம். அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பிரிவுக் கதவைச் சாத்திவிட்டார்கள் — பசை வாடை அவர்கள் மூக்குக்கு ஆகாதே.

அம்மா அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்து, "நீயும் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருந்திருக்கலாம்," என்றாள்.

வயிறு எரிகிறது. எழுதினால் குறையுமென்று பார்த்தேன். குறையவில்லை.

மார்ச் 22

இனிப் புதுப் பசைதான். சூடு காட்டினால் சோல் தானாகக் கழன்றுவிடும். வாங்குகிறவர்கள் முன்னால் அவள் ஒரு ஜோடியைப் பிரித்துக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் அந்தப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு.

"அந்த ஜோடிய நீயே ஒட்டிக் குடுக்கா. வேற யாரையும் நான் நம்பல."

என்னைப் போய்க் கேட்கிறாள்!

மார்ச் 24

ஒட்டிக் கொடுத்துவிட்டேன். பழைய பசையில்.

மார்ச் 26

வாங்குகிறவர்கள் முன்னால் சூடு காட்டியும் சோல் கழலவில்லை. கத்தியால் நெம்பினாள்; தோல்தான் கிழிந்தது. கிழிந்த ஓரத்தை மோந்து பார்த்தாள். தினமும் என் துணியில் அடிக்கிற வாடை, அவளுக்கா தெரியாது? கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் கத்தினார். "சூடு பத்தல சார். என் தப்புதான்," என்றாள்.

ஏன்டீ? என் பேரைச் சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே! இதிலயும் நீதான் நல்லவளா?

மார்ச் 27

ராத்திரி வீட்டில் அவள்தான் பரிமாறினாள். என் தட்டிலும் சோறு போட்டாள்.

ஏப்ரல் 2

பொறுப்புக்கு முதலாளியின் மச்சான் மகன் வந்துவிட்டான். ஷூவைக் காலில் போட்டதோடு சரி, கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டான். அவளை எங்கள் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். என் பக்கத்து இடம்.

மதியத்துக்குள் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளுக்குச் சிநேகிதிகள். இத்தனை வருடத்தில் எனக்கு ஒருத்தி உண்டா?

மேசையில் இரண்டு பசை டப்பா இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டாள்: "இதுல எது புதுசு?"

காட்டினேன்.

"நிச்சயமா?"

அக்கா என்று சொல்லவில்லை.